மணிக்கூண்டு இல்லாத படம்

தொண்ணூற்றேழாம் வருஷம். அப்போது நாங்கள் டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் காப்பெல்லில் குடியிருந்தோம். வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, நண்பர் குடும்பத்தோடு இரண்டு வண்டிகளில் பக்கத்து ஊர் டவுன்டவுன் பார்க்கக் கிளம்பினோம். நம் ஆட்கள் சேர்ந்து வெளியே போனால் எந்தப் பிள்ளை யார் வண்டியில் ஏறும் என்று கணக்கே கிடையாது. ஐந்து வயதான எங்கள் மகளும் நண்பரின் வேனில், அவர் பெண்ணோடுதான் வந்தாள்.

அங்கே சிவப்புக் கல்லில் கட்டிய, உச்சியில் மணிக்கூண்டு வைத்த பழைய கோர்ட் கட்டடம் ஒன்று உண்டு. அதன் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எதிர்ப்பக்க நடைபாதையில் தாடிக்காரர் ஒருவர், மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களை வரைகிறவராம். சாயம் போன சட்டை, பக்கத்தில் ஒரு அழுக்கு மூட்டை. என் மகள் எட்டிப் பார்க்கப் போனாள். நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியாதவங்ககிட்ட போகக்கூடாது, பேசக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

திட்டியது தமிழில்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் எந்த ஊர்க்காரருக்கும் புரிந்திருக்கும். அவர் குனிந்து மறுபடி வரைய ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துக் கிளம்பினோம். வழியில் இர்விங்கில் இந்தியன் ஸ்டோருக்கு இரண்டு வண்டியும் வந்து சேர்ந்தன. நான் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டே நண்பரின் மனைவியிடம், "பாப்பா தூங்கிட்டாளா?" என்று கேட்டேன்.

"உங்க கார்லதானேக்கா இருக்கா? சாப்பிடும்போதே அம்மாகூட வரேன்னு அழுதாளே."

கறிவேப்பிலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். வேன் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியிலெல்லாம் பார்த்தேன், ஏதோ சாவியைத் தொலைத்தவள்போல. நண்பர் கடைப் போனில் போலீசைக் கூப்பிட ஓடினார். அவர் பேசி முடிப்பதற்குள் என் கணவர் வண்டியை எடுத்துவிட்டார். அன்று எங்களிடம் செல்போனும் கிடையாது. ஃப்ரீவே முழுக்க நான் வாய்விட்டு அழுதேன்.

திருப்பத்திலேயே கோர்ட் வாசலில் போலீஸ் கார் தெரிந்தது. வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினேன்.

என் மகள் படிக்கட்டில், ஒரு கையைத் தூணில் வைத்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு படி கீழே ஒரு போலீஸ்காரர். எதிர்ப்பக்கத்தில் அதே மனிதர், அதே ஸ்டூல்.

அவளை வாரி எடுத்தபோது அவள் முதலில் சொன்னது, "அம்மா, ஐ டிட்ன்ட் டாக் டு ஹிம்."

நாங்கள் கிளம்பியபோது அவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். வெளியே வந்தால் யாரும் இல்லை. அழுதுகொண்டே ரோட்டில் இறங்கப் போனவளைப் பார்த்து அவர் அங்கிருந்தே குரல் கொடுத்திருக்கிறார்: 'உன்னையும் இந்தப் படத்தில் வரையப் போகிறேன், அம்மா வரும்வரை அந்தப் படியிலேயே நில்.' போகிற ஒருவரிடம் சொல்லிப் போலீசுக்கும் போன் பண்ண வைத்திருக்கிறார். ஏன் கிட்டே போகவில்லை என்று கேட்ட போலீஸ்காரரிடம், "அவள் அம்மா வேண்டாம் என்றார்கள். நான் போயிருந்தால் பயந்து ஓடியிருப்பாள்" என்றாராம்.

போலீஸ்காரர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?

"ஒண்ணு" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

படம் வரைந்தவர் அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து என் மகளிடம் கொடுத்தார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்துதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். கட்டடம் பாதியில் நின்றது, மேலே மணிக்கூண்டே இல்லை. ஆனால் படிக்கட்டையும் அதில் நிற்கும் சின்னப் பெண்ணையும் மட்டும் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, அந்த இடத்தில் தாளே நைந்துபோயிருந்தது. வரைந்து முடித்துவிட்டால் அவள் நகர்ந்துவிடுவாள் என்றுதான் அந்த மனிதர் முடிக்கவே இல்லை.

படம் இன்றும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. மணிக்கூண்டு எங்கே என்று யாராவது கேட்கும்போதெல்லாம், யாரிடமிருந்து என் குழந்தையைப் பிடித்து இழுத்தேனோ அவர் கண் எதிரில்தானே அன்று அவள் பத்திரமாக இருந்தாள் என்று நினைத்துத் தலைகுனிகிறேன்.