அக்காவின் ஓவன் பூட்டிக்கொண்ட நாள்

பூட்டு வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு. மிளகு அளவுதான் இருக்கும். அக்காவின் ஓவன் முகப்பில், மணி காட்டும் கட்டத்துக்குக் கீழே அது இருந்தது. அது எரிந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று பொருள், அணைந்தால் திறக்கலாம். எனக்கு இந்தச் சாமான்களோடுதான் பிழைப்பு. செஞ்சி கடைவீதியில் சுவிட்சும் ஒயரும் விற்கிறேன், மிக்சி, ஃபேன் பழுது பார்க்கிறேன். பழுதான பொருளைப் பார்த்து நான் கலங்குகிற ஆள் இல்லை. பொருள்தானே, சரியானால் ஆகும், இல்லாவிட்டால் எடைக்குப் போகும். ஆனால் அந்தச் சின்ன விளக்கு என்னைக் கலங்க வைத்தது. இன்றைக்கும் எங்கேயாவது சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தால், அது அணைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மச்சான், அக்காவின் கணவர், வளைகுடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள் டி.வி.யும் தங்கமும் கொண்டு வருவார்கள். இவர் கப்பலில் ஒரு ஓவனை அனுப்பி வைத்தார். லாரியிலிருந்து அதை இறக்கியபோது தெருவே கூடி நின்று, அது வாஷிங் மெஷின் என்று ஒருமனதாக முடிவு கட்டியது. சுவருக்குள் பதிக்கிற வகை. நம் வீடுகளில் அதற்கு ஏது இடம்? சமையல் மேடைக்கு அடியில், கடப்பைக் கல் தடுப்புகளுக்கு நடுவே கேஸ் சிலிண்டர் நிற்கிற சந்து அளவெடுத்து வைத்தது போல இருந்தது. சிலிண்டரை வெளியே தள்ளிவிட்டு ஓவனை அதில் செருகினார்கள். இரண்டு பக்கமும் கல், மேலே கல், பின்னால் சுவர். விரல் நுழையக்கூட இடமில்லை. கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

வந்தவர்களுக்கெல்லாம் மச்சான் ஒரு பட்டனைக் காட்டுவார். "இத அமுக்குனா தேய்க்கவே வேணாம். உள்ள ஒட்டிக்கினு இருக்கறது எல்லாம் எரிஞ்சு சாம்பலாயிடும். தொடச்சு எடுத்தா போதும்." ஆனால் அவர் ஒருநாளும் அதை அமுக்கியதில்லை. நம் ஊர் கரண்டுக்கு அது தாங்குமோ என்னவோ என்பார். சோடா உப்பும் எலுமிச்சையும் போட்டு அக்கா கையாலேயே தேய்ப்பாள். அவளுக்கு பன், பிஸ்கட், கேக் எல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மறு வருஷம் விழுப்புரம் போகிற பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாக் காலம் முடிந்த மறுநாள் அக்கா ஓவனைப் போட்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. மாவு பிசைந்துதான் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் கேக், பள்ளிக்கூட விழாவுக்கு பிஸ்கட் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆள் தேடி வரத் தொடங்கியது. இதற்கு நடுவே மச்சானின் அண்ணன் வளைகுடாவிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்த வீட்டில் வேலைக்குப் பெண் கேட்கிறார்கள், விசா தயார், பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரட்டும் என்பார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அக்காவுக்குத் தன் மகளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. இந்த முகூர்த்த சீசனில் ஒரு பெரிய வீட்டு ஆர்டர் பிடித்துவிட்டால் போகவே வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். அவளுடைய கணக்கு முழுக்க அந்த ஓவன்மேல்தான் நின்றது.

அந்தப் பெரிய வீட்டு ஆர்டர் அவலூர்பேட்டையிலிருந்து வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி எண்ணெய் ஆட்டுகிற குடும்பம், சுத்த சைவம். பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம், அதற்கு முட்டை போடாத அடுக்கு கேக் வேண்டும் என்றார்கள். பிடித்துப்போனால் அந்த வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வரும். அக்கா மகள் அன்றைக்கு வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் பக்ரீத். குர்பானி ஆட்டுத்தொடையை ஓவனில் வைப்பது மச்சான் தொடங்கிவைத்த பழக்கம். அவர் நினைவாக அந்த வருஷமும் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் தேய்த்தாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அவலூர்பேட்டைக்காரர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதைச் சொன்னபோது, "அவங்க கேக்கலடா. எனக்குத் தெரியும் இல்ல?" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. கறி வெந்த இடத்தில் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வைப்பது நம்பிக்கைத் துரோகம் என்று அவளுக்குப் பட்டது. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம், மச்சான் தொடாத அந்தப் பட்டனை அவள் அமுக்கினாள்.

கத்திரி போயும் கோட்டை மலைப் பாறையெல்லாம் சூடு கக்கிக்கொண்டிருந்த நாட்கள். புகை பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஜன்னலையும் சாத்தியிருந்தாள். முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. விளக்கு அணைந்து கதவு திறந்தபோது உள்ளே சாம்பல் மட்டும் இருந்தது. துடைத்துவிட்டு, தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்திருக்கிறாள். கவிச்சி இன்னும் இருப்பதாகத் தோன்றியதாம். ஓவனை ஆறவிடாமல் மறுபடியும் அமுக்கினாள். அந்த இரண்டாவது தடவையில் பாதியிலேயே எல்லாம் அணைந்தது. கதவு பூட்டியபடியே நின்றது.

நான் போனபோது சமையலறைக்குள் நிற்க முடியவில்லை. மெயினை நிறுத்தி, மேடைக் கல் தொடுகிற சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடி போட்டேன். பூட்டு விளக்கு மட்டும் எரிந்தது, வேறு எதற்கும் உயிர் இல்லை. ஓவனைச் சந்திலிருந்து இழுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சந்தில் காற்றுப் போக வழியில்லாமல் சூடு தேங்கி, ஒயர்களின் மேல்தோல் சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கியது. சூடு எல்லை மீறினால் தன்னைத்தானே அறுத்துக்கொள்கிற சின்ன ஃப்யூஸ் ஒன்று அதில் உண்டு. நன்றாக இருந்தால் மீட்டர் கூவும். வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை, போயிருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் பின்கோடு கேட்டார்கள், பிறகு நன்றி சொன்னார்கள். அந்த மாடல் இந்தியாவிலேயே விற்கவில்லையாம். கதவுப் பூட்டின் மோட்டாரைக் கையால் திருகித் திறந்துவிட்டேன். ஃப்யூஸை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்தால் ஓடிவிடும். பிள்ளை இருக்கிற வீட்டில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் பாண்டிச்சேரிக்குப் போய், ஹோட்டல் அடுப்புச் சாமான் விற்கிற கடையில் அதே சூடு தாங்குகிற ஃப்யூஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தேன். வெந்த ஒயர்களை மாற்றினேன். ஓவனை இயக்குகிற சர்க்யூட் போர்டின் ஒரு மூலை பழுப்பேறியிருந்தது. அதற்கு மாற்று கிடையாது, துடைத்து மாட்டுவதைத் தவிர வழியில்லை. போட்டதும் ஓவன் சூடாகத் தொடங்கியது. அக்கா தன் மகளைத் தூக்கிச் சுற்றினாள். அந்தப் பத்து நிமிஷம் அந்த வீட்டில் இருந்த சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

மாவு உள்ளே போனது, உப்பி வந்தது. வெண்ணிலா வாசனை வாசல்வரை வந்தது. பாதி வெந்திருக்கும்போது உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம். சூடு நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு பூட்டிக்கொண்டது. போர்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அது இன்னும் சுத்தம் செய்துகொண்டிருப்பதாகவே நினைத்தது. திரும்ப இழுத்துக் கழற்றிக் கையால் திறப்பதற்குள் கேக் நடுவில் அமுங்கிவிட்டது. அக்கா ஓவன் கதவுக் கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்து, அது அமுங்குவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் கேட்டு, அவர்கள் அடுப்பில் வைக்கலாம் என்று நான் கெஞ்சினேன்.

"அங்க கறி பப்ஸும் முட்டை பப்ஸும் வேவுது. அதுல வெச்சுக் குடுக்கறதுக்கா இவ்ளோ பண்ணேன்?" என்றாள்.

அவளே அவலூர்பேட்டைக்குப் போன் போட்டு, மெஷின் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவர்கள் கோபப்படவில்லை. பரவாயில்லை, வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள், அதன் பிறகு கூப்பிடவே இல்லை. போர்டுக்காகச் சென்னை, பெங்களூரு என்று நான் அலைந்து பார்த்தேன். பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் உதட்டைப் பிதுக்கினார்கள். வளைகுடாவிலேயே அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, அக்கா மச்சானின் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவள் வளைகுடாவுக்குப் போன பிறகு ஒருநாள் அந்த அவலூர்பேட்டை வீட்டு அம்மா டியூப்லைட் வாங்க என் கடைக்கு வந்தார். நான் யாருடைய தம்பி என்று தெரிந்ததும், பாவம், நல்ல பொண்ணு என்றார். கறி வெந்த அடுப்பு என்பதால்தான் அக்கா அத்தனை பாடுபட்டாள் என்று நான் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்காவா? எங்க வீட்டுப் பசங்கதான் வெளிய எல்லாத்தையும் துன்னுட்டு வருதுங்களே. இன்னா பெரிய சுத்தம்." டியூப்லைட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எழுந்து கடையைச் சாத்தத் தோன்றியது. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

இப்போது அந்த ஓவனுக்குள் அவள் மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வீடியோ காலில் வருவாள், பெரும்பாலும் வேலை பார்க்கிற வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. அங்கேயும் அதே மாதிரி ஒரு ஓவன். அதிலும் அந்தப் பட்டன் உண்டு. அக்கா தொடமாட்டாள், மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே தேய்ப்பாளாம். விரல் நுனியெல்லாம் வெடித்திருப்பதை நான் கேட்டால் போனைத் தள்ளிப் பிடிப்பாள்.

போன வாரம் பேசும்போது அவளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. வீட்டுக்காரம்மா தானே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாராம். மகள் பரீட்சை, மழை, தோழியுடன் சண்டை என்று அடுக்கிக்கொண்டே போனாள். அக்கா சரி சரி என்றாளே தவிர எங்களைப் பார்க்கவில்லை. அடிக்கடி கழுத்தைத் திருப்பி அந்த விளக்கைத்தான் பார்த்தாள். நாங்களும் மெல்லப் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்க்கத் தொடங்கினோம். கடைசியில் டக் என்று சத்தம் கேட்டது, சிவப்பு அணைந்தது.

"தெறந்துகிச்சு," என்றாள் அக்கா. போனை மேடையில் மல்லாக்க வைத்துவிட்டு, சாம்பலைத் துடைக்கப் போய்விட்டாள். வெகுநேரம் நானும் அவள் மகளும் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.