இல்லாத கருவாட்டுக்குப் பேரம்

என் கணவருக்கு வளைகுடாவில் ஒரு துறைமுக ஊரில் கருவாட்டுக் கடை. இங்கிருந்து சரக்கு அனுப்புவது கோவளத்தில் இருக்கும் அவர் அண்ணன், என் மச்சாண்டார். நான் தாம்பரத்தில் டீச்சர். அங்கே சண்டை மூண்டு குண்டு விழ ஆரம்பித்ததும் போன் பேச்சு நின்றுபோனது. வாட்ஸப்பில் அவ்வப்போது நாலு வார்த்தை வந்து விழும், அவ்வளவுதான்.

எனக்கு வருவது தினமும் ஒரே வரி: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். வியாபார குரூப்பில் அண்ணனோடு மட்டும் நெத்திலி என்ன விலை, குறைச்சுப் போடு, கட்டுப்படியாகாது என்று சரம் சரமாகப் பேச்சு. அந்த குரூப்பில் நானும் இருந்ததால் எல்லாம் கண்ணில் பட்டது. பெண்டாட்டிக்கு ஒரு வரி, நெத்திலிக்கு இத்தனையா? பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவளத்துக்கே போய்விட்டேன்.

உயிர் ஊசலாடும்போது அப்படி என்ன வியாபாரம் மாமா என்று பொரிந்து தள்ளினேன். அவர் வெயிலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க கடையே தொறக்கலமா. இங்கேர்ந்து சரக்கும் போவல. சும்மா பேசிக்கினு கீறோம்," என்றார். "நல்லா கீறேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். காய்ச்சல்ல படுத்துக் கெடந்தாலும் அவன் அதத்தான் சொல்வான். வெலைக்கு சண்ட போட்டான்னாதான் தெம்பா கீறான்னு அர்த்தம்."

பிறகு போனை நீட்டினார். முந்தின நாள் அவர் சொன்ன விலைக்குத் தம்பி மறுபேச்சில்லாமல் சரி என்றிருந்தார். அதை நானும் பார்த்திருந்தேன். ஒருவழியாகப் பேரம் முடிந்தது என்றல்லவா நினைத்தேன்! அதற்கப்புறம் அண்ணன் விலையை எவ்வளவு ஏற்றிப் போட்டும் பதில் இல்லை.

என் போனை எடுத்து, வஞ்சிரக் கருவாட்டுக்கு வாய்க்கு வந்த விலையை அதே குரூப்பில் போட்டேன். தங்கம்கூட அதைவிட மலிவு. இஷ்டம் இருந்தால் வாங்குங்கள், வாங்க வேறு ஆள் இருக்கிறது என்றும் எழுதினேன்.

மத்தியானம் இரண்டு பேரும் சோற்றைத் தொடவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் பதில் வந்தது.

"இன்னா அநியாயம் இது. இந்த வெலைக்கு நானே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."

மச்சாண்டார் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். எனக்கும் எழுத்து மங்கியது. வாங்க, வந்தாலும் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்று தட்டி அனுப்பினேன்.