வலது கைக்கு முன் ஒரு மூச்சு

செய்தி வந்தபோது பேருந்துக்குள் இருந்தேன். தியாகராய நகரில், மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே. முன்னால் ஒரு லாரி. பின்னால் இன்னொரு பேருந்து. இருபது நிமிடங்களாக எதுவும் நகரவில்லை.

தீனாவின் குரல்செய்தி. "மச்சி, குமுதாக்கா போய்ட்டாங்க. காத்தால, ஆஸ்பத்திரிலயே. நீ வருவியா மாட்டியான்னு தெரில. சொல்லணும்னு தோணிச்சி, சொல்லிட்டேன்."

எழுந்து கதவருகே போனேன். நடத்துநர் தலையசைத்தார். "எங்க எறங்குவ நைனா, தகரத்து மேலயா? போய் குந்து."

உட்கார்ந்தேன்.

தீனா அப்படிச் சொன்னதில் தவறில்லை. அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அது ஏன் என்று தெரியும். பதினொரு ஆண்டுகள் அவரிடம் குத்துச்சண்டை பழகிவிட்டு, முப்பத்திரண்டாவது வயதில், மாநில அணிக்கான என் கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவரை விட்டு வேறு பயிற்சியாளரிடம் போனவன் நான். போகும்போது பயிற்சிக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் காரணமும் சொன்னேன். "பொம்பளைகிட்ட இதுக்கு மேல கத்துக்க ஒண்ணுமில்ல."

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு முன் அக்கா.

*

பட்டினப்பாக்கத்தில் நம் கூடம் ஒரு பழைய கிடங்கு. ஒரே கதவு, அதுவும் இரும்பு ஷட்டர். சன்னல் கிடையாது. முழு அளவு ரிங் உள்ளே அடங்காததால் மூன்று பக்கம் கயிறு, நான்காவது பக்கம் சுவர். நான் அங்கே சேர்ந்தது முதுகலைத் தத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆண்டில். முதல் வாரத்திலேயே அடி தாங்காமல் பின்வாங்கி அந்தச் சுவரில் சாய்ந்தேன். அக்கா விசில் ஊதி நிறுத்தினார்.

"சொவத்த நம்பாத. கயிறாச்சும் கொஞ்சம் வுட்டுக் குடுக்கும். சொவரு உன்ன அங்கயே நிக்க வச்சிடும்."

படித்த எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் அதுவரை கண்டதில்லை என்று அவரிடம் சொன்னேன். "வாய வச்சி யோசிக்காத, கால வச்சி யோசி" என்றார்.

*

அக்கா நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றவர். தன் காலத்தில் மாநில அளவில் குத்துச்சண்டை போட்டவர். சுடிதார் மேல்சட்டையில் ஊக்கு குத்தி அதில் விசிலை மாட்டியிருப்பார். சர்க்கரை நோய் வந்த பிறகு டீயில் சர்க்கரை போடவிடமாட்டார். குடித்து முடித்ததும் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுப்பார். கேட்டால், "இது வெல்லம்டா. சக்கரயா?"

ஒருமுறை போட்டிக்குப் போயிருந்தோம். வேறொரு கூடத்தின் பயிற்சியாளர் என்னிடம், அவர் காதில் விழும்படிக் கேட்டார். "இன்னாபா, உங்க மேடம் சமையல முட்ச்சிட்டு வந்தாங்களா?"

அக்கா திரும்பினார். "ஆமாண்ணா, வஞ்சரக் கொழம்பு. உங்க புள்ளைக்கு ஒரு கிண்ணம் அனுப்பட்டா? மூணாவது ரவுண்டுல அவனுக்குத் தெம்பு வேணும் பாரு."

அன்று இரண்டாவதிலேயே அவனை வீழ்த்தினேன்; மூன்றாவது ரவுண்டு தேவைப்படவில்லை. அந்த மனிதர் கை குலுக்காமல் போனார். அக்கா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்தில், தூக்கத்தில்கூட.

*

என் ஆயுதம் வலது கை. பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து. பயிற்சியில் அக்கா எதிரே நின்று இரண்டு கைகளிலும் குத்துகளை வாங்கும் தோல் பேடுகளை மாட்டிக்கொள்வார். என் வலது குத்து அவருடைய இடது பேடில் விழ வேண்டும்.

ஒருநாள் விழவில்லை. பேடு வரவே இல்லை. குத்து அவர் காதை உரசிக்கொண்டு போனது. "கவனம் போச்சிடா" என்றார். அடுத்த வாரம் மறுபடியும். அன்று பயிற்சி முடிந்து தண்ணீர் பாட்டிலை அவருடைய இடது பக்கமாக நீட்டினேன். வாங்கவில்லை. நான் நிற்பதே தெரியாமல், "தண்ணி எங்கடா?" என்று கேட்டார்.

இடது கண். சர்க்கரை அதை எடுத்துக்கொண்டிருந்தது.

நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. கூடத்தை நடத்தியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். கண் தெரியாத பயிற்சியாளருக்குப் புதுப்பிக்கமாட்டார்கள். கூடத்தில் அப்போது ஆறு பெண்கள் பழகினார்கள். வேறெங்கும் போக வீட்டில் விடமாட்டார்கள். அக்கா என்பதால் விட்டிருந்தார்கள்.

ஆகவே நான் ஒன்று செய்தேன். யோசித்துச் செய்யவில்லை. வலது கையை வீசும் முன் வாயால் ஒரு மூச்சு விட்டேன். *ஹுஸ்*. எல்லாக் குத்துச்சண்டைக்காரர்களும் குத்தும்போது மூச்சு விடுவார்கள். நான் குத்துவதற்கு அரை நொடி முன்பே விட்டேன். சத்தம் கேட்டதும் அக்கா இடது பேடைத் தூக்குவார். எப்போதும் ஒரே உயரம், ஒரே இடம். நான் அங்கே குத்துவேன்.

இரண்டு ஆண்டுகள். ஒரு நாளைக்கு எத்தனை மூச்சு என்று கணக்கில்லை.

*

பிறகு தோற்கத் தொடங்கினேன். எல்லோரும் வயது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன். இருபத்தொரு வயது. என்னை எளிதாக ஜெயித்துவிட்டு, உடைமாற்றும் அறையில் மரியாதையோடு வந்து கேட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ரைட்டு போடுறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டுப் போடுறீங்களே, அது எதுக்கு?"

"இன்னா சொல்றேன்?"

"ஹுஸ்ங்கிறீங்க. அப்புறம்தான் கை வருது. நான் குனிஞ்சுக்கிறேன்."

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

மூச்சை அடக்க முயன்றேன். கை நின்றுவிட்டது. மூச்சு போனால்தான் கை போகும். அக்காவுக்காகக் கட்டிய மணி என் கழுத்திலேயே இருந்தது.

*

தீனா பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அடையார்ல ஒரு கோச்சு கீறாரு மச்சி. போ. குமுதாக்கா நல்லவங்கதான், யாரு இல்லன்னாங்க. ஆனா லேடீஸ்டா. ஒரு லெவலுக்கு மேல முடியாது."

"அதில்லடா."

"அப்ப இன்னா?"

போகாவிட்டால் கடைசித் தேர்வு போய்விடும். போனால், பத்து ஆண்டுகளாக அக்காவைப் பற்றி ஆண்கள் சொல்லிவந்ததை நானே நிரூபித்தவனாவேன். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அக்காவின் வேலை போகும், அந்த ஆறு பெண்களின் பயிற்சியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கயிறு இல்லை. சுவர்.

மூன்று நாள் காலை ரகசியமாக அடையாறு போனேன். இரண்டாவது மாடி, குளிர்சாதனம், நான்கு பக்கமும் கண்ணாடி. பயிற்சியாளர் என்னைவிட நான்கு வயது இளையவர். முதல் நாளே கண்டுபிடித்தார். "ப்ரோ, வாயை மூடிட்டு அடிங்க." பல்காப்பை இறுகக் கடித்துக்கொண்டு அடிக்க வைத்தார். முதல் நாள் முடியவில்லை. மூன்றாம் நாள் கை சத்தமில்லாமல் போனது. பேடு தன் போக்கில் வந்து அதைச் சந்தித்தது. கண்ணால் பார்த்து வாங்கப்பட்ட குத்து. அந்த மகிழ்ச்சியை என்னால் மறைக்க முடியவில்லை. கண்ணாடியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நான்கு பக்கமும்.

*

அன்று மாலை பட்டினப்பாக்கம். மற்றவர்கள் கடற்கரையில் ஓடப் போயிருந்தார்கள். அக்கா பேடை மாட்டிக்கொண்டார். இடது, இடது, வலது.

மூச்சு வரவில்லை. கை போய்விட்டது.

அவர் கன்னத்து எலும்பில் விழுந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். நான் ஓடிப் போய் முன்னால் மண்டியிட்டேன். அவர் முதலில் சொன்னது:

"எத்தன நாளா வேற எடத்துக்குப் போற?"

"மூணு நாள்."

"மூணு நாள்ல சரி பண்ட்டானா? நல்ல கோச்சுதான்."

"அக்கா..."

"நீ இன்னா, எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சியா? நீ மூச்சு வுடுவ, நான் பேடத் தூக்குவேன். ரெண்டு வருசமா அத்த வச்சித்தான் ஓட்டிக்கினு கீறேன். உன் கைய நான்தான்டா கெடுத்தேன். தெரிஞ்சே."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். பேடைக் கழற்றாமலே கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"நீ போய்ட்டா யாரு மூச்சு வுடுவாங்க?"

வெளியே மீன் வண்டியின் மணி. அது கடந்து போனதும் அக்கா பேடுகளைக் கழற்றினார்.

"நீ போ. இந்தப் பொண்ணுங்களுக்கு இப்ப அடிப்படை போதும், அதுக்கு என் ஒரு கண்ணு போதும். உனக்குப் பத்தாது. எதிர்ல நிக்கறவன் ரைட்டு எங்கேந்து வருதுன்னு கார்னர்ல நின்னு நான் சொல்லணும். எனக்கே தெரில."

"இன்னா சொல்லிட்டுப் போறது?"

"பொம்பளைகிட்ட கத்துக்க முடியலன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"வேற இன்னா சொன்னாலும் ஏன், எதுக்குன்னு நோண்டுவானுங்க. இத்தச் சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான். அவனுங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச காரணம்." பிறகு, "நான் இந்தக் கூடத்துல கீறவரிக்கும் வாயத் தொறக்காத" என்றார்.

*

மறுநாள் சொன்னேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு பெண்களில் மூத்தவள்.

"அப்ப பதினோரு வருசமா இங்க இன்னாண்ணா புடுங்கிக்கினு இருந்த?"

அக்கா தன் பங்கைச் சரியாகச் செய்தார். "வுடு ரேவதி. போறவனப் போவ வுடு. டேய், ஷட்டர எறக்கிட்டுப் போ."

இறக்கினேன். உள்ளே அவர்கள். வெளியே நான்.

ரேவதியின் வெறுப்பைத் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது ஆமோதிப்பு. டீக்கடையில், போட்டிகளில், முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டினார்கள். "கரெக்டான முடிவு தலைவா." நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

தேர்வில் இரண்டு சண்டைகள் ஜெயித்தேன். மூன்றாவதில் புள்ளிகளில் தோற்றேன். அணியில் இடமில்லை. கடைசிக் காலத்தில் பயிற்சியாளரை மாற்றலாமா என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தெரியாது. என் கை திரும்பி வந்தது. அதைக் கொண்டு போவதற்கு இடம் வரவில்லை.

அன்று அரங்கின் கடைசி வரிசையில் அக்கா இருந்தார். வலது கண் ரிங்கைப் பார்க்கும்படி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார். மாலையில் ஒரு குரல்செய்தி. "சத்தமே வரல. நல்லா இருந்திச்சி." அவ்வளவுதான். நான் போன பிறகான மூன்று ஆண்டுகளில் அவர் எனக்கு அனுப்பியது அது ஒன்றுதான்.

*

பேருந்து எப்படியோ நகர்ந்தது. போனேன். நொச்சிக்குப்பத்தில் பந்தலுக்கு வெளியே, சாலையோரம் நின்றேன். அங்கேயும் ஒருவர் வந்து காதருகே சொன்னார்: "நல்ல நேரத்துல வெளிய வந்துட்டப்பா நீ."

அக்காவின் உடலோடு வைக்க வேண்டும் என்று பெண்கள் பேடுகளைக் கொண்டுவந்திருந்தார்கள். நான் போன பிறகு அக்கா பேடு பிடிக்கவே இல்லையாம். முட்டி வலி என்று சொன்னாராம். ரேவதி இடது பேடை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதல் சொல்.

"இத்தப் பாருண்ணா. வலது பேடு எல்லா எடத்துலயும் தேஞ்சிருக்கு. இது மட்டும் ஏன் ஒரே எடத்துல?"

தோல் கிழிந்து பஞ்சு தெரிந்த ஒரு வட்டம். என் கைமுட்டி அளவு. சுற்றிலும் தேயாத தோல்.

"எழுதித் தரேன்" என்றேன்.

"இன்னா, லெட்டரா?"

பேடை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ரேவதி, இதுதான் அது. அக்கா கூடத்தில் இருக்கும்வரை என்று சொன்னார். இப்போது இல்லை. இது என்னை விடுவிக்கும் என்று நினைத்தேன். இப்போது, கண் தெரியாமல் பேடு பிடித்தார் என்று அவரைக் குறை சொல்ல ஆட்களுக்கு வழி செய்துகொடுக்கிறேனோ என்று இருக்கிறது. ஆனாலும், நான் அவரை விட்டுப் போனதற்கு அவர் பெண் என்பதுதான் காரணம் என்று நீங்கள் ஆறு பேரும் நம்பிக்கொண்டே கையுறை மாட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தப் பேடு என் அறையில் இருக்கிறது. அந்த மூச்சும் போய்விடவில்லை. ரிங்கில் இருந்துதான் போனது. கதவைத் தள்ளும் முன், பேருந்துக் கம்பியைப் பிடிக்கும் முன், இதன் முதல் வரியை எழுதும் முன், வலது கை எதைத் தொடப் போனாலும் அதற்கு அரை நொடி முன்பு வருகிறது. எதிரே யாரும் இல்லை. வருகிறது.