ஆற்றோரத்து நாலு வரிசைக் கரும்பு

கரும்புச் சோகை காற்றில் சரசரத்தால் இன்றைக்கும் என் கண் தரையில் தடம் தேடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரே வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. பேசாமல் இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம். வில்லியனூருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் கரும்பு வெட்டு நடந்தது. ஆண்கள் வெட்டுவார்கள். பெண்கள் நாங்கள் சோகை என்கிற காய்ந்த இலையைக் கழித்துக் கரும்பைக் கட்டு கட்டுவோம். எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ரோட்டுப் பக்கம் வெட்டத் தொடங்கி ஆற்றை நோக்கிப் போவோம். ஆற்றோரத்து நாலு வரிசையை மட்டும் கடைசிவரை தொடமாட்டோம். உள்ளே படுத்திருக்கும் நரியோ பன்றியோ அந்தப் பக்கமாக இறங்கி நாணலுக்குள் போய்விடும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. வீட்டுக்காரர் மில்லில் பகல் ஷிப்டு. தோட்டத்தில் நிழல் என்று இருந்தது ஆற்றங்கரைப் புங்கமரம் ஒன்றுதான். அதில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையைப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கூட்டத்தை நடத்தும் மேஸ்திரியின் மனைவி புருஷனிடம் கத்தினாள்.

"யோவ், இந்த வாட்டி ஆத்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்கய்யா. ரோட்டாண்டேர்ந்து பாலு குடுக்க ஓடி ஓடி இந்த ஊமச்சிக்குக் காலே தேஞ்சுப்பூடும்."

"வழக்கத்த மாத்தச் சொல்றியே?"

"உன் வழக்கமா வந்து பாலு குடுக்கப் போவுது?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனார். எனக்காக வழக்கம் மாறியது. ஆற்றோரத்து வரிசைகள்தான் முதலில் விழுந்தன.

முகம் கழுவ வாய்க்காலுக்குப் போனபோது சேற்றில் ஒரு தடத்தைப் பார்த்தேன். சாணம் மெழுகின ஈரத் தரையில் பூனை நடந்தால் எப்படி விழும், அதே மாதிரி. நகம் பதியவில்லை. ஆனால் என் உள்ளங்கை அகலம் இருந்தது. ஆற்றிலிருந்து ஏறிக் கரும்புக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

சொல்லத் திரும்பினேன். பக்கத்திலேயே பத்து ஆண்கள் நின்றார்கள். போன வருஷம் மோட்டார் குழாயைப் பாம்பு என்று சொல்லி நான் பட்ட கேலி அறுவடை முடியும்வரை ஓயவில்லை. நாய்த் தடமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூளியை மாற்றிக் கட்டலாமா என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கட்டு கட்டும்போதெல்லாம் கண் தூளியிலேயே இருந்தது.

லாரி வந்து நிற்கவும் பாதிப் பேர் ரோட்டுப் பக்கத்திலும் இறங்கி வெட்டினார்கள். மதியத்துக்குள் நடுவில் ஒரு வீட்டளவு கரும்புதான் மிச்சம். திடீரென்று லாரிக்காரரின் நாய் குரைத்தபடியே பின்வாங்கியது. உள்ளேயிருந்து ரம்பம் மரத்தை அறுப்பது போல ஒரு சத்தம்.

"டேய், சிறுத்த கீதுடா உள்ள!"

எல்லாரும் ரோட்டுக்கு ஓடினோம். கால் போன பக்கம் ஓடிவிட்டேன், பெற்ற பிள்ளை எதிர்ப்பக்கம் தொங்குகிறது.

"சோகையில நெருப்பு வையி. தன்னால வெளிய பாயும்" என்றான் ஒருவன். மேஸ்திரி தீப்பெட்டியை எடுத்தார்.

ரோட்டுப் பக்கம் கத்தியோடு இத்தனை பேர். அது பாய்ந்தால் ஆற்றுப் பக்கம்தான் பாயும். அங்கே மறைவுக்கு ஒரு கரும்பு இல்லை. வெறும் அடிக்கட்டைகள், அதற்கப்பால் என் தூளி. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன்.

"நெருப்பு வெக்காதீங்க மாமா! புள்ள அங்க கீது! காலையிலயே தடம் பாத்தேன் மாமா!"

மேஸ்திரியின் மனைவி என் அருகில் வந்தாள்.

"பாத்தியா? பாத்துட்டா வாய மூடிகினு இருந்த?"

நான் அழுதேன். மேஸ்திரி தீப்பெட்டியை மடியில் சொருகினார். "ஒருத்தரும் சத்தம் போடாதீங்க. அதுக்கு வழிய அடைச்சது நாமதான்."

அவர் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா. ஓடாத. ஓடினா செத்தோம்."

வரப்பு வழியாகச் சுற்றிப் போனோம். கரும்புக் கட்டை குத்தி என் காலில் ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தேன். குழந்தை விழித்துக்கொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அள்ளி மார்பில் அழுத்திக்கொண்டேன். தூளியை அவிழ்க்க நேரமில்லை. பக்கத்திலிருந்த மோட்டார் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, இடுக்கில் பார்த்தோம்.

வெகுநேரம் கழித்து அது வந்தது. விலா எலும்பு தெரிந்தது. வயிறு தரையில் உரச, காதை மடக்கிக்கொண்டு, வெட்டவெளியைப் பார்த்துப் பார்த்து நின்றது. பிறகு நேரே புங்கமரத்துக்கு வந்தது. காற்றில் ஆடிக்கொண்டிருந்த தூளிக்குக் கீழே நின்று மூக்கைத் தூக்கியது. என் பால் வாடை அதற்கு அடித்திருக்க வேண்டும். குழந்தையின் வாயை மாரோடு பொத்திக்கொண்டேன். சிறுத்தை சரிவில் இறங்கி நாணலுக்குள் மறைந்தது.

லாரிக்காரர் செஞ்சிப் பக்கத்து ஆள். "எங்க மலையிலேர்ந்து ஆத்தோரமாவே வந்திருக்கும். புதரு கீற வரைக்கும் அதுக்கு அதான் ரோடு. மலையிலயே இப்ப ஒண்ணு ரெண்டுதான் மிச்சம்" என்றார்.

"திரும்பிப் போயிடுமாண்ணா?" என்று கேட்டேன். அந்நிய ஆணிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நடுவுல நாணலு அறுபடாம இருந்தா போயிடும்மா."

வீடு திரும்பும்போது மேஸ்திரியின் மனைவி சொன்னாள்: "ஏ ஊமச்சி, இனிமே எதப் பாத்தாலும் கத்துடி. பொய்யாப் போனா சிரிச்சுட்டுப் போறோம்."

அடுத்த வருஷம் முதல் பழையபடி ரோட்டுப் பக்கத்திலிருந்தே வெட்டினோம். அந்த வருஷமே செங்கல் சூளைக்காக ஆற்றோரத்து நாணலையும் புதரையும் மேற்கே கண்ணுக்கு எட்டியவரை அழித்தார்கள். அப்போது நான் மேஸ்திரியிடம் போய்ச் சத்தமாகவே சொன்னேன்.

"ஏதாச்சும் ஒண்ணு இந்தப் பக்கம் வந்திருந்தா எப்படி மாமா திரும்பும்?"

"எல்லாம் வுட்டுப் போயிருக்கும், போம்மா" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாய்க்கால் சேற்றைப் பார்க்கப் போனேன். கரும்புக்குள் போன தடம் ஏதும் இல்லை. அப்படியும் அந்த வருஷம் முழுக்க அவளைத் தூளியில் போடவில்லை, முதுகில் கட்டிக்கொண்டே சோகை கழித்தேன்.