மதினியின் வயிற்றில் ஒரு மலையாளச் சொல்

என் அண்ணன் பூபதிராஜாவின் மனைவி முத்துப்பேச்சியை, போன ஐப்பசியில் நாங்கள் பறிகொடுக்க இருந்தோம். நோயால் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் அந்த நோயைக் கண்டுபிடிக்க விடாமல் குறுக்கே நின்றது ஒரே ஒரு சொல். பதினேழு வருஷமாக அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

மதினி கம்பத்துப் பக்கத்துக்காரி. பீர்மேட்டில் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்துக்குக் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, மலையாளம் சுத்தமாகத் தெரியாது. வேலைக்குப் பெயர் பதிய வந்த மலையாளி சார் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். அவள் பெருமையாக, "எங்க ஊரு பட்டிங்க சார்" என்றாள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சார் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு மாதம் லயமே அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் கூடவே சிரித்தாள், அதுதான் மதினி. முதல் மழையில் காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வழிய வந்து, "எங்க ஊருல மாமியா மட்டுந்தான் கடிப்பா, இங்க புல்லு கூட கடிக்கு" என்று அம்மா காதில் விழும்படியே சொன்னவள். கொழுந்து கிள்ளுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் பேக்டரியில் தூள் சலிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் அவள் பேச்சுச் சத்தம்தான் மெஷினைத் தாண்டிக் கேட்கும்.

சாப்பாடு மட்டும் கோழி கொத்துவது போல. ஒரு பிடிக்கு மேல் இறங்காது, வயிறு உப்பிக்கொள்ளும். ஓமத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் பிள்ளை இல்லை. அம்மாவைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன், பின்னாளில் மதினியின் பிரசவத்துக்கு நாற்பது நாள் தூங்காமல் கிடந்தவள். ஆனால் அந்த மூன்று வருஷமும் அவள் வாய்க்குப் பூட்டே இல்லை. உப்பும் வயிற்றையும் பிறக்காத பிள்ளையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, "உள்ள கோளாறு உள்ள பொண்ண நம்ம தலையில கட்டிட்டாக" என்று தண்ணிக் குழாயடியில் நின்று பேசுவாள். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எனக்கும் வாய் நீளம். "மதினி, உங்களுக்கு உள்ள எல்லாம் சரியா இருக்கா?" என்று ஒரு நாள் மூஞ்சிக்கு நேராகவே கேட்டேன். அவள் என்னை உட்காரவைத்துத் தலையைப் பின்னிவிட்டாள்.

கடைசியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்ட முடிவானது. அண்ணனுக்கு அன்றைக்கு ஜீப்பு டூட்டி, எனக்குப் பரீட்சை. அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு மருந்தைக் குடிக்கவைத்து வயிற்றைப் படம் எடுத்தார்களாம். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மதினியை மட்டும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, சிரித்த முகமாக மலையாளத்தில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே பாட்டு மாதிரி மனசில் ஏற்றிக்கொண்டு வந்தாள் மதினி: "கர்ப்பபாத்திரத்தினு ஒரு கொழப்பமும் இல்லா. பெருங்குடல் எடத்தாணு, அப்பெண்டிக்ஸும் எடத்தாணு. பேடிக்கண்டா."

லயத்துத் தமிழிலேயே மூன்று வருஷம் ஓட்டியவளுக்குக் கர்ப்பப்பையில் குழப்பம் இல்லை என்பது புரிந்தது. பேடிக்கண்டா என்றால் பயப்படாதே என்பதும் அவர் முகத்திலேயே தெரிந்தது. மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டு வெளியே வந்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில் அம்மாவிடம் நிமிர்ந்து சொன்னாள்: "அத்தே, எனக்கு உள்ள எல்லாம் அதது எடத்துல இருக்காம். டாக்டரே சொல்லிட்டாரு."

அம்மா அதோடு வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் இந்து பிறந்தாள். அதற்குப் பிறகு மதினிக்குத் தரை தெரியவில்லை. லயத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் ஆறுதல் சொல்லப் போவாள், போய்த் தன் வயிற்றைத்தான் புகழ்ந்துவிட்டு வருவாள். டாக்டர் குரலிலேயே மலையாளத்தில் முழுசாகச் சொல்லிக் காட்டி, பிறகு தமிழில் அர்த்தமும் சொல்வாள். பேக்டரியில் அவளுக்குப் பெயரே 'சர்டிபிகேட் வயிறு'. அந்தக் காகிதமும் படமும் பெருமழை வருஷம் கூரை ஒழுகிக் கூழாகிப் போயின. அவள் கவலைப்படவில்லை. வாயில்தான் இருக்கிறதே.

நான் படித்துவிட்டு அட்சயா சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையாளத்தில் வரும் சர்க்கார் காகிதங்களைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ரொம்ப கர்வம். மதினி அந்த மூன்று வரியை ஆரம்பித்தாலோ, "ஆரம்பிச்சிட்டாங்கடா" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு வயிறு வலி வந்தது. இடது பக்கம், அடிவயிற்றில். வாந்தி, காய்ச்சல். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு இளவயசு டாக்டர் அமுக்கிப் பார்த்தார். வலது பக்கம் வலித்தால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், இது இடது பக்கம், கல்லாக இருக்கும் என்றார். முன்னே வயிற்றில் ஏதாவது பிரச்சினை சொல்லியிருக்கிறார்களா என்று நல்லபடியாகத்தான் கேட்டார். மதினி வலியோடு சிரித்து, "இல்ல சாரே, எல்லாம் அதது எடத்துல இருக்குன்னு பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவளால் காலை நீட்ட முடியவில்லை. வயிறு பலகையாக இறுகிவிட்டது. உதடு வறண்டு, பேச்சே இல்லை. மதினி பேசாமல் கிடந்து நான் பார்த்ததே கிடையாது, அதில்தான் எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணன் ஜீப்பை எடுத்தான். எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ரிஞ்சு கூட ஏறிக்கொண்டாள். கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண், எங்கள் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

குட்டிக்கானம் தாண்டி இறக்கத்தில் போகும்போது, மதினி மயங்கிவிடக் கூடாதே என்று ரிஞ்சு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். முன்பு எப்போதாவது ஆஸ்பத்திரியில் காட்டியதுண்டா, என்ன சொன்னார்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். மதினி கண்ணைத் திறக்காமலே அந்தப் பழைய பாட்டைச் சொன்னாள். "பெருங்குடல் எடத்தாணு, அப்பெண்டிக்ஸும் எடத்தாணு. பேடிக்கண்டா."

ரிஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடத்தோ?" என்று கேட்டுத் தன் இடது இடுப்பின் மேல் கை வைத்தாள். "சேச்சி, எடத்து?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் எடத்து என்றால் இடது பக்கம். எடத்தாணு என்றால் இடது பக்கத்தில் இருக்கிறது. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவே இல்லை. வலது பக்கம் இருக்கவேண்டியது இவளுக்கு இடது பக்கம் இருக்கிறது, ஆனாலும் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மதினி அதற்குப் பிறகு மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். பஸ்ஸில் 'எடத்தோட்டு' என்று டிரைவருக்கு வழியே சொல்வாள். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் மலையாளம் தெரியாத நாளில் மனசுக்குள் போனது. அதற்குப் பிறகு அவள் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. நான் அவளை விட மோசம். எனக்கு மலையாளம் தெரிந்தும் காதை மூடிக்கொண்டேன்.

ரிஞ்சு ஜீப்பிலிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். போய் இறங்கியதும் நேராக ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். மத்தியானம் ஆபரேஷன். அப்பெண்டிக்ஸ் இடது பக்கம்தான் இருந்தது. பழுத்து, ஒரு ஓரத்தில் கசியவும் ஆரம்பித்திருந்தது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர் ஜானவி.

அந்த டாக்டரம்மா எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். தாய் வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்கும் குடல் ஒரு சுற்றுச் சுற்றி இடம் பிடிக்குமாம். சிலருக்குப் பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் சாப்பிட்டால் உப்பிக்கொள்வதும். இது நோயில்லை, பிறந்த விதம். பலர் கடைசி வரை தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள். ஆனால் ஏதாவது ஒன்று வந்தால், வலி வேறு இடத்தில் நின்று டாக்டரையே ஏமாற்றிவிடும். அதனால் எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லவேண்டும் என்று, இரண்டு மொழியிலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் அவராகவே சொன்னார்.

மூன்றாவது நாள் மதினிக்குக் கஞ்சி கொடுத்தேன். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். எனக்கு அடக்க முடியவில்லை. "மதினி, பதினேழு வருஷமா நீங்க சொன்னத ஒரே ஒரு தடவ காது குடுத்துக் கேட்டிருந்தா போதும். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றவ நான்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவள் கரண்டியை வாங்கிக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அழாத பிரதீபா. எனக்குப் புள்ள இல்லாதப்ப ஒங்கம்மா பெட்டிக்குள்ள போடிக்காரப் பொண்ணு ஒருத்தி போட்டோ இருந்துச்சு. ஒங்கண்ணனுக்கு ரெண்டாவதாக் கட்டிவைக்கப் பாத்து வச்சிருந்தாக. நான் சேலை மடிக்கையில பாத்தேன்."

எனக்கும் அந்தப் போட்டோ தெரியும். அழகாக இருக்கிறாள் என்று சொன்னது நான்தான். மதினிக்குத் தெரியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"அத்தை கூட அந்தப் பெரிய டாக்டர்ட்ட காட்டப் போகையில, செத்துப் போனாலும் பரவால்லன்னுதான் போனேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அன்னைக்கு அந்த டாக்டரு சொன்னது எனக்குச் சரியா வெளங்கி, அத வந்து நான் அத்தைட்ட சொல்லியிருந்தேன்னா, ஒங்க வீட்டுல என்னைய வச்சிருப்பீகளா?"

பொய் சொல்ல இரண்டு மொழி இருந்தது எனக்கு. சொல்ல வரவில்லை.

"மாட்டோம் மதினி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் கொஞ்சமும் இல்லை அந்த முகத்தில். மருந்து ஏறிய கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னாள்.