அம்மா லண்டனுக்குப் போகாத வருடம்

என் அம்மா ஒரு காலத்தில் உலக டார்ட்ஸ் போட்டிக்குத் தெரிவானவர். இதை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. பத்து வயதில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

நாங்கள் அப்போது மெல்பர்னின் புறநகரான கிரான்பர்னில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கோழி இறைச்சித் தொழிற்சாலைக்குப் போனார். அம்மா பக்கத்திலிருந்த விளையாட்டுக் கழகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். கழகம் என்றதும் பெரிதாக ஒன்றையும் நினைக்க வேண்டாம். வெளியே ஒரு புல் மைதானம். உள்ளே பியர் விற்கும் நீண்ட மேசை, எவ்வளவு துடைத்தாலும் போகாத வாடையுள்ள கம்பளம், சுவரில் மூன்று டார்ட்ஸ் பலகைகள். கம்பளத்துக்கு வெக்யூம் பிடிக்கும்போது கீழே விழுந்து கிடக்கும் சிறிய அம்புகளை அம்மா பொறுக்கியெடுத்துப் பலகையில் திரும்பக் குத்தி வைப்பார். ஒருநாள் அலுப்பிலோ என்னவோ, கிட்டப் போய்க் குத்தாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்திருக்கிறார். மூன்றையும் எறிந்து முடித்தபோது பின்னால் ஷெரில் நின்றிருக்கிறார்.

ஷெரில் அந்தக் கழகத்தின் சமையலறையைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் நிற்பவரோடு பேசினாலும் மைதானத்தின் அந்தத் தொங்கலில் நிற்பவருக்கும் கேட்கும். கழகத்தின் பெண்கள் அணிக்கு அவர்தான் தலைவி, அணியில் ஓர் ஆள் குறைவாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மா அந்த அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எறிந்தார். அது அவருக்கு இரண்டு அளவு பெரிது.

அம்மாவுக்கு அது ஏன் அவ்வளவு நன்றாக வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், “கொம்மாவுக்குக் கோபம் கூட, அதுதான்” என்பார். அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னால், தானும் அதைத்தான் சொல்வதாகச் சொல்வார். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு ரோவில் என்ற இடத்திலிருந்து வரும் ஓர் அன்ரி, பியர் குடிக்கிற இடத்தில் நின்றா இதை விளையாடுவது என்று அம்மாவிடம் விசாரித்தார். பலகை அங்கேதான் அன்ரி தொங்குது என்று அம்மா பணிவாகப் பதில் சொன்னார்.

பள்ளி முடிந்ததும் என்னை வைத்துப் பார்க்க ஆளில்லாததால் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் நானும் கழகத்தில்தான் இருந்தேன். ஐந்நூற்றொன்றில் தொடங்கி, அம்பு குத்துகிற எண்ணையெல்லாம் கழித்துக் கழித்துச் சரியாகப் பூச்சியத்துக்கு வர வேண்டும். கடைசி அம்பு பலகையின் வெளிவிளிம்பில் இருக்கும் ஒல்லியான வளையத்தில் குத்த வேண்டும். அங்கே குத்தினால் எண் இரட்டிப்பாகும். இவ்வளவுதான் விளையாட்டு. வகுப்பில் கழித்தல் கணக்கில் என்னை வெல்ல ஆளில்லாமல் போனதற்கு ஆசிரியை தன் கற்பித்தலைக் காரணமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்தில் அம்மா விக்டோரியா மாநிலம் முழுக்கப் பேசப்படும் ஆளானார். அந்த வருடம், லண்டனில் நடக்கும் உலகப் போட்டிக்கு இங்கிருந்து ஒரு பெண்ணைத் தெரிவு செய்யும் சுற்று மெல்பர்னிலேயே நடந்தது. அம்மாவின் பெயரைக் கொடுத்தவர் ஷெரில். அம்மா அதற்குச் சம்மதிக்க ஒரு வாரம் எடுத்தார். ஒரு வாரமாக அவரும் அப்பாவும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். வழக்கறிஞர் என்ற சொல் கதவுக்கு வெளியே கேட்டது. ‘கிறிஸ்மஸுக்கு முந்தி முடிவு வந்தால்’ என்பதும் கேட்டது. டார்ட்ஸுக்கும் வழக்கறிஞர் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்க வேண்டுமாம். ஒலிவாங்கி பிடித்தவர் அம்மாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ‘கிரான்பர்ன் கிளீனர்’ என்று கத்தி அவரை மேடைக்கு அழைத்தார். எல்லோரையும் துடைத்துப் போட்டுவிடுவார் என்ற அர்த்தமும் அதில் இருந்ததால் மண்டபம் ஆரவாரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. புலி, கழுகு என்று மற்றவர்களுக்கு எவ்வளவு நல்ல பெயர்கள். இடைவேளையில் போய், பெயரை மாற்றச் சொல்லுங்கள் அம்மா என்றேன். அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே, அது பொய்யில்லைத்தானே என்றார்.

இறுதி ஆட்டத்தில் அம்மாவுக்கு எதிராக நின்றவர் ஷெரில்தான். அப்பாவால் பார்க்க முடியவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தார். ஆளுக்கு நான்கு என்று சமமாகி, கடைசி ஆட்டத்தில் ஷெரிலுக்கு முப்பத்திரண்டு மிச்சம், அம்மாவுக்கு எழுபத்தாறு. எறிவது அம்மா. இந்த மூன்று அம்பில் முடிக்காவிட்டால் ஷெரில் முடித்துவிடுவார். முதல் அம்பு குறி தவறி வெறும் இருபதில் குத்தியது. மிச்சம் ஐம்பத்தாறு. அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது பதினாறு. நாற்பது என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மூன்றாவது அம்பு இரட்டை இருபதின் நடுவில் குத்தி நின்றது.

ஷெரில் அம்மாவைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றினார். நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அப்பா என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. ஒரு காரில் கையை ஊன்றிக்கொண்டு, “வெண்டுட்டாவோ?” என்று மட்டும் கேட்டார். தோற்றிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளியில் நான் இதைச் சொன்ன விதத்தில், அம்மா ஏற்கெனவே உலகப் போட்டியை வென்றுவிட்டதாகவே பாதி வகுப்பு நம்பியது. ஆசிரியை உலகப்படத்தில் மெல்பர்னுக்கும் லண்டனுக்கும் இடையில் ஒரு சிவப்பு நூல் கட்டினார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நீளமான கடதாசிப் பதாகை செய்தார்கள். என்னோடு பேசாதிருந்த இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து இருந்தார்கள். அந்த ஒன்றரை வாரம் போல ஒரு காலம் அந்தப் பள்ளியில் எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, இரவுச் சாப்பாட்டின்போது, எனக்கு மீன் முள் எடுத்துக்கொண்டே அம்மா சொன்னார்.

“நான் லண்டனுக்குப் போகேல்லை.”

நான் பகிடி என்று நினைத்தேன். அப்பா கோப்பையைப் பார்த்தபடி சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“எனக்குப் பிளேன் எண்டால் பயம்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிளேனுக்குப் பயந்த ஆள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். நாங்கள் படகில் வந்தனாங்கள் என்றார் அம்மா. அது எனக்கும் தெரியும். சிலர் ரயிலில் வருவதுபோல நாங்கள் படகில் வந்திருக்கிறோம் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் பிளேன் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். மாத்திரை போட்டு நித்திரை கொள்ளலாம் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் அம்மா தலையை ஆட்டினார். முள் எடுத்து முடித்து மீனை என் கோப்பையில் வைத்தார். அந்தச் சிவப்பு நூலும், பதாகையும், என் பக்கத்தில் வந்திருந்த இரண்டு பேரும் ஒன்றாக என் நினைவில் வந்தன. நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

“யூ ஆர் அ கவர்ட்.”

அம்மாவின் ஆங்கிலம் கழகத்தில் பழகிய ஆங்கிலம். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சொல்லவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு புதுச் சொல்லைக் கேட்பதுபோல, என்னிடமே கேட்டார்.

“அப்பிடியெண்டால் என்ன?”

“பயந்தாங்கொள்ளி,” என்றேன்.

அப்பா மேசையில் அறைந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கோ. ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான்,” என்றார். “நீ மீனைச் சாப்பிடு.”

நான் சாப்பிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஷெரில் வீட்டுக்கு வந்தார். இரண்டாவதாக வந்தவர் என்பதால் இடம் அவருக்குப் போயிருந்தது. முன்னறையில் ஒரேயொரு கதிரைதான் இருந்தது, அதில் இருந்துகொண்டு அவர் அழுதார். உன்னுடைய இடத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா அவருடைய முதுகைத் தடவி, போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லண்டன் போகும் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் தீர்மானித்தேன். ஷெரில் பிளேனுக்குப் பயப்படாததற்காக அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. பள்ளியில் ஆசிரியை ஒன்றும் கேட்காமல் நூலைக் கழற்றிவிட்டார். பதாகை எங்கே போனது என்று தெரியாது. என் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பழைய இடத்துக்கே போனார்கள்.

ஷெரிலின் ஆட்டம் லண்டனில் மாலை, எங்களுக்கு மறுநாள் காலை. விடுமுறைக் காலம். வெயில் ஏற முன்பே கழகத்தைத் திறந்து பெரிய திரையைப் போட்டிருந்தார்கள். அன்றும் அம்மாவுக்கு வேலை இருந்தது. எல்லோரும் வர முன்பே வந்து கம்பளம், பக்கத்து அறை, கழிவறை எல்லாவற்றையும் துப்புரவாக்கி முடித்தார். நான் முன்வரிசையில் போய் இருந்தேன். இசையும் புகையுமாக, நூற்றுக்கணக்கான ஆட்கள் கை தட்ட, நீலச் சட்டையில் ஷெரில் மேடைக்கு நடந்து வந்தபோது மற்ற எல்லோரையும் விட நான்தான் பலமாகக் கத்தினேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினேன். அவர் பின்சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெரில் பதற்றத்தில் இருந்தார். முடிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் அம்பு வளையத்துக்கு வெளியே போனது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் என் பக்கம் திரும்பி, தெரிவுச் சுற்றில் இவரை வென்றது உன் அம்மாதானே, ஏன் அவர் போகவில்லை என்று கேட்டார். பின்னால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அம்மாவுக்குப் பிளேனில் ஏறப் பயம் என்றேன். சிலர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பக்கத்து அறையில் வெக்யூம் சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்த அறையை அம்மா காலையிலேயே முடித்திருந்தார்.

ஷெரில் முதல் சுற்றிலேயே தோற்றார். அம்மா அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை அணியில் எறியவில்லை. துப்புரவு வேலைக்கு மட்டும் தொடர்ந்து போனார். டார்ட்ஸ் என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போனது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

பதினாறு வயதில் எங்கள் பள்ளிப் பாடகர் குழு நியூசிலாந்துக்குப் போவதாக இருந்தது. நான் கொண்டுவந்த படிவத்தில் கடவுச்சீட்டு எண் எழுத ஓர் இடம் இருந்தது. அப்பா அதைக் கனநேரம் பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து கடிதங்கள் நிறைந்த ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். எங்களுக்குக் கடவுச்சீட்டு இல்லை என்றார். ஆறு ஆறு மாதமாக நீட்டித் தரும் விசா ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டைவிட்டு வெளியே போகலாம். திரும்பி வர முடியாது. எங்கள் அகதி வழக்கின் மேன்முறையீடு தோற்றதாக வந்த கடிதமும் அந்தக் கோப்பில் இருந்தது. திகதியைப் பார்த்தேன். கழித்தல் கணக்கில் நான் கெட்டிக்காரி. அம்மா வென்ற சனிக்கிழமையிலிருந்து பதினோராவது நாள், எனக்கு மீன் முள் எடுத்துத் தந்த அந்தப் புதன்கிழமை.

“அப்படியெண்டால் பிளேனுக்குப் பயம் எண்டது...” என்று தொடங்கினேன்.

“படகால இறங்கின எங்களை அடைச்சு வைச்சிருந்த தீவு முகாமிலயிருந்து இஞ்ச பிளேன்லதான் கொண்டு வந்தவங்கள்,” என்றார் அப்பா. “கொம்மா உன்னை மடியில வைச்சுக்கொண்டு யன்னலோரம் இருந்தவ. வழி முழுக்க வெளியிலதான் பார்வை. இறங்கேக்க, இன்னும் கொஞ்ச நேரம் பறந்திருக்கலாம் எண்டவ.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெரிந்தால் உனக்கு நித்திரை வராது என்று கொம்மா சொன்னா என்றார் அப்பா. எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்று தெரிந்துகொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்று கேட்டவவாம்.

அம்மா வெளியே கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொல் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த ஈரச் சட்டையை உதறாமலே நின்றார்.

“அப்ப உனக்கும் தெரிஞ்சு போச்சு,” என்றார்.

பிறகு அழத் தொடங்கினார். பத்து வயதில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது அழாதவர், கழகத்தில் எல்லோரும் சிரித்தபோது அழாதவர், சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பழைய சொல்தான் இத்தனை வருடம் அவருக்குள் கிடந்து நோகிறது என்று நினைத்து, நான் மறுபடியும் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன். பதினாறு வயதிலும் எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.