முழங்கைப் பொத்தான்

என் அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே வீட்டு அழைப்பு மணியைக் கழற்றிப் போட்டவள். ஏன் கழற்றினாய் என்று கேட்டதற்குத் திருப்பிக் கேட்டாள்: "வர்றவங்க எல்லாரும் ஏன்ப்பா ரெண்டு தடவ அமுக்கறாங்க?"

"அவசரம்தான். வேற என்ன?" என்றான் அண்ணன்.

அவள் ஒப்பவில்லை; மணியைத் திரும்ப மாட்டச் சொன்னாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் பார்த்தாள். தபால்காரர் ஒருமுறை அமுக்கினார், கதவில் காதை வைத்தார், மறுபடி அமுக்கினார். மணி உள்ளே அடிப்பது வெளியே நிற்பவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அண்ணன் மணியை வெளியேயும் கேட்கிற மாதிரி மாற்றி மாட்டினான். அன்றிலிருந்து எங்கள் வாசலில் யாரும் இரண்டாம் தடவை அமுக்கியதில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் தங்கள் மணி என்று நினைத்து ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது. நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண் இப்போது ஒரு செயலி நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜர். எதற்கும் ஏன் என்று கேட்பதால் அங்கே அவளுக்கு ஏனக்கா என்றுதான் பெயர். செயலியை எழுதுவது அவள் இல்லை, வரைவது அவள் இல்லை, விற்பதும் அவள் இல்லை. "அப்ப நீ என்னதாண்டி பண்றே?" என்று அவள் அம்மாவே கேட்டாள். கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். சமைக்க மாட்டார், பாட மாட்டார், மாப்பிள்ளையும் அவர் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் சாப்பாடும் வராது, மாப்பிள்ளையும் வரமாட்டார். அந்தச் சித்தப்பா வேலைதான் இவளுக்கு.

அதுவும் நிரந்தரமாகக் கிடைத்த வேலை இல்லை. அதே நிறுவனத்தில் பல வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் திட்டை வாங்கியவள், கேட்டுக் கேட்டு இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "லாண்டரி அம்மா மாசக் கடைசில வர்றாங்க. ஒப்பந்தத்த நீட்டினாங்கன்னா இந்த எடம் உனக்கு. இல்லேன்னா பழைய எடம்." பழைய இடம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஹெட்போன் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லாண்டரி அம்மாவுக்கு ஊர் முழுக்கக் கடைகள். கடையில் துணியைக் கொடுத்தால் பெரிய சலவைக் கூடத்துக்குப் போய், வெளுத்துத் திரும்பி வரும். எப்போது வரும் என்று சொல்வதுதான் செயலியின் வேலை. திரையில் ஒரு பச்சைப் பொத்தான், அதன்மேல் "என் துணி எங்கே?" என்று எழுதியிருக்கும்.

மேலாளர் நல்ல மனிதர். ஆனால் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று காட்டும் வரைபடத்தில் கோடு ஏறினால் அவர் புருவமும் ஏறும், இறங்கினால் மீசையே இறங்கிவிடும். அன்று புருவம் தலைமுடியைத் தொட்டுவிட்டது. "பாத்தீங்களா! ஒவ்வொருத்தரும் அந்தப் பட்டன விடாம அமுக்கறாங்க. ஜனங்களுக்கு அது மேல உயிரு! அத இன்னும் பெருசாக்குங்க. அமுக்கறப்பல்லாம் ஒரு வாத்து வந்து ஆடணும்!"

வரைகலைக்காரர் ஏற்கெனவே வாத்தை வரைந்து வைத்திருந்தார். இறகு இறகாக ஆடும் வாத்து.

"ஏன் சார் அமுக்கறாங்க?" என்றாள் இவள்.

"பிடிச்சிருக்கு, அமுக்கறாங்க."

"பிடிச்சா ஒரு தடவ போதாதா சார்?"

"பிடிச்ச பாட்ட நீ ஒரு தடவதான் கேப்பியா?"

அறையே சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை அலுவலகம் போகாமல் நேரே லாண்டரிக் கடைக்குப் போய் ஓரமாக நின்றுகொண்டாள்.

அங்கே ஒருவர் மேலே கோட்டும் டையும், கீழே வீட்டில் போடும் அரை டிரவுசருமாக நின்று, போனைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருந்தார். குத்தின வேகத்தில் போன் மறுபக்கம் வீங்கியிருக்கும்.

"அந்தப் பட்டன் ரொம்பப் பிடிக்குமா சார்?"

"பிடிக்கறதா? 'நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டிருக்கிறது'ன்னு நேத்துலேருந்து இதே பல்லவி! இதப் பண்ணினவங்க மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

"நான்தான் சார் அது."

அவர் குத்துவதை நிறுத்தினார். பிறகு அழாக்குறையாகக் கேட்டார். "அம்மா, மத்தியானம் எனக்கு இன்டர்வியூம்மா. என் பேன்ட் எங்கம்மா?"

சலவைக் கூடத்துக்கு ஓடினாள். அங்கே நீராவியில் மனிதர்கள் பாதிதான் தெரிந்தார்கள். டிரம்கள் உருள, ஈரத் துணி ஒருபுறம் விழ, காய்ந்த துணி கம்பியில் வரிசையாகத் தொங்கியது. பேன்ட்டும் தொங்கியது, மடிப்புக் கலையாமல், காலையிலிருந்தே!

"தயார்னு அமுக்கலையா அக்கா?" என்று கூடத்து மேஸ்திரி அம்மாவிடம் கேட்டாள்.

அந்த அம்மா பீரோவின் உச்சியைக் கண்ணால் காட்டினார். துணி தயாரானதும் அமுக்கச் சொல்லி நிறுவனம் கொடுத்திருந்த டேப்லெட், பிளாஸ்டிக் பை போர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "ஈரக் கையோட தொட்டா அது கேக்க மாட்டேங்குதும்மா. சாயங்காலம் கை காஞ்சப்புறம் எல்லாத்துக்கும் சேத்து அமுக்கிருவோம்."

இவளுக்குச் சந்தேகம். வாளியில் கையை முக்கித் தானே தொட்டுப் பார்த்தாள். டேப்லெட் மொழியை மாற்றியது, ஒலியை ஏற்றியது, படம் பிடித்தது, கடைசியில் மேலாளருக்கே போன் போட்டது.

"என்ன அங்க இவ்ளோ சத்தம்?"

"தொவச்சிட்டிருக்கேன் சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பேன்ட்டைக் கையோடு எடுத்துப்போய்க் கொடுத்தாள். அந்த மனிதருக்கு அன்று வேலை கிடைத்தது. பேன்ட்டால்தான் கிடைத்தது என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஒருவர் பேன்ட்டை வைத்து ஊரையே எடைபோடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். நிரல் எழுதுகிற தாடிக்காரரிடம் போய், அந்தக் கோட்டை மணிவாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னாள். காலையில் மலையாக ஏறிய கோடு, சாயங்காலம் கூடத்தில் கை காய்ந்த நேரத்தில் சட்டென்று தரையில் படுத்தது. தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். "பிடிச்சு அமுக்கல. பயந்து அமுக்கறாங்க."

"எங்க வீட்டுக் காலிங்பெல்," என்றாள் இவள். தாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவள் அறிக்கை எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எல்லாரும் கைய முக்குங்க. இப்ப டேப்லெட்ல 'தயார்' அமுக்குங்க."

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, பிஸ்கட் தின்ற காய்ந்த கையால் சோதித்தவர்கள் எல்லாரும் தடவினார்கள், தட்டினார்கள், ஊதினார்கள். மேலாளர் மூக்கால் முயன்றார். மூக்கும் நனைந்துவிட்டது. அவர் கைக்குட்டையைத் தேடும்போது இவள் சொன்னாள். "செவுத்துல ஒரு பெரிய பட்டன் வைக்கலாம் சார், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. துணியில மாட்டியிருக்கற நம்பர் சீட்ட பட்டன் பக்கத்துல இருக்கற கருவியே படிச்சுக்கும். முழங்கையால ஒரு இடி, தயார்! அந்த நிமிஷமே வாடிக்கையாளருக்குச் செய்தி போயிடும். யாரும் கேக்கவே வேணாம்."

"அப்ப வாத்து?"

"மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஒண்ணுதான் சார் முடியும். வாத்து வேணாம்."

பெரியவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வித்தைதான். முகத்தில் சிரிப்பு இருக்கவேண்டும், குரல் மட்டும் அசையக்கூடாது. மேலாளர் வாளியைப் பார்த்தார், தன் மூக்கைத் துடைத்தார், சரி என்றார். வரைகலைக்காரர்தான் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அவரைத் தேடிப் போனாள். "உங்க வாத்து அழகா ஆடுது. ஆனா துணி வராத நேரத்துல ஆடினா ஜனங்க அத அடிக்க வருவாங்க. துணி தயாரானதும் வந்து ஆடட்டுமே? இந்த வேல முடிஞ்ச உடனே சேத்துக்கலாம்."

"ஒரே ஒரு தடவையா?"

"ஒரு தடவன்னாதான் காத்திருந்து பாப்பாங்க."

அவர் பென்சிலை எடுத்தார். "அப்ப ஒரு குட்டிக்கரணம் சேத்துக்கறேன்," என்றார். சேர்த்தும் விட்டார். சுவரில் பொத்தான் பதித்த கையோடு தாடிக்காரர் வாத்தையும் உள்ளே நுழைத்துவிட்டார்.

மாதக் கடைசி வந்தது. கோடு மாடியிலிருந்து குதித்த மாதிரி இறங்கியிருந்தது. மேலாளரின் மீசை மோவாய்க்கே வந்துவிட்டது. லாண்டரி அம்மா உள்ளே வருவதைப் பார்த்ததும் மடிக்கணினியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார், அப்படியாவது ஏறட்டுமே என்று.

"வாங்கம்மா... இது வந்து... கொஞ்சம் இறங்கின மாதிரி..."

ஏனக்கா ஒருமுறை கண்ணாடிக்கு அப்பால் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள். எழுந்து மடிக்கணினியை நேராக வைத்தாள். "கொஞ்சம் இல்லம்மா. நல்லாவே இறங்கியிருக்கு. இறங்கணும்னுதான் இவ்ளோ பாடுபட்டோம்."

"ஏன்?" என்றார் லாண்டரி அம்மா.

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். அந்தக் கேள்வியை அங்கே வேறு யாரும் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. இவள் அழைப்பு மணிக் கதையைச் சொன்னாள். கேட்டுச்சா கேக்கலையா என்று தெரியாதவன்தான் திரும்பத் திரும்ப அமுக்குவான், தெரிந்துவிட்டால் கையை எடுத்துவிட்டு நிம்மதியாக நிற்பான் என்றாள்.

லாண்டரி அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! 'துணி எங்க, துணி எங்க'ன்னு ஓயாம அடிச்ச கடை போனெல்லாம் திடீர்னு வாயே தொறக்கல. எல்லாம் ரிப்பேர்னு நெனச்சு இன்னிக்குக் காலைலதான் ஆள் அனுப்பினேன்!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு எழுந்த அம்மா வாசலில் நின்றார். "ஒண்ணே ஒண்ணு. அந்த வாத்த கொஞ்சம் கவனிங்க. எங்க வீட்டுக்காரர் அத ஆடவச்சுப் பாக்கறதுக்காகத் தொவச்ச சட்டையவே திரும்பத் தொவைக்கப் போடறார்."

வரைகலைக்காரர் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை, மிதந்தார். மேலாளர் ஹெட்போனைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு, "இனி இது உனக்கு வேணாம்," என்றார்.

அன்று சாயங்காலமே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் எங்களுக்கு வாங்கிய பைகள். மணியை முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு, சத்தம் கேட்டதும் நிம்மதியாக நின்றாள். நாங்கள் எழுந்து வருவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்துவிட்டது. திறந்தது அந்தப் பழைய நாயின் பேத்தி.